வார்ம்-அப்பில் மிச்சம் பிடித்த இருபது நிமிடம்

நாமக்கல்லில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாலையில் கபடிப் பயிற்சிக்குப் போவாள். முதல் இருபது நிமிடம் ஓட்டமும் கைகால்களை நீட்டி மடக்குவதும்தான். அது வீண் என்று நினைத்து, அந்த நேரத்தையும் அதற்கு முன் நடக்கும் டியூஷனுக்கே கொடுத்தேன். "சார் கேட்டா ஊட்லயே பண்ணீட்டேன்னு சொல்லு சாமி" என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நேராக ஆடப் போனவள், முதல் பாய்ச்சலிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பயிற்சியாளர் காலைத் தொட்டுப் பார்த்தார். "வார்ம்-அப் பண்ணுனியா இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஊட்லயே பண்ணீட்டனுங்க சார்."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிழிந்த தசை ஆறிவிட்டது. இப்போது முதல் ஆளாக அவளை மைதானத்தில் விடுகிறேன். ஆனால் அந்த வலியிலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்காததை நினைத்தால், இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.