விரலில் சுற்றிய சிவப்பு

"முந்தானையிலே ஒரு இழை உருவிக் குடுங்கம்மா" என்று கை நீட்டுகிறார் சரவணமுத்து. கேமராவுக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்திருக்கும் பெண்மணி புருஷனைப் பார்க்கிறார். புருஷன் ஸ்டுடியோ முதலாளியைப் பார்க்கிறார். "குடுங்க, அவர் வர்ணக்காரருங்க" என்று முதலாளி சொன்ன பிறகுதான் இழை வருகிறது. சரவணமுத்து அதை இடது கை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்.

ராசிபுரத்தில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டுகிற ஒரே ஆள் அவர்தான். கேமராவின் மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. "செவப்பைக் காட்டினாலும் கறுப்புங்குது, மஞ்சளைக் காட்டினாலும் கறுப்புங்குது. அதை நம்பி எப்பிடீங்க வர்ணம் போடறது?" என்பார். விரல் நூல்தான் அவருக்குச் சாட்சி. படம் முடிந்ததும் அதைக் கத்தரித்து ஊதிவிடுவார். தம் சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்பது தெரியாது. எதிரே வருகிறவரின் துண்டுக்கரை என்ன நிறம் என்பது தெரியும். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாங்க மறந்து வெறும் பையோடு வந்து, மனைவி வசந்தாமணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

யுத்தத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பக்கத்து வெண்ணந்தூரில் தறிகள் நின்றன. நெசவாளர் சங்கம் கஞ்சித்தொட்டி வைத்தது. தானியம் தீர்ந்துகொண்டே வரவே, சங்கச் செயலாளர் கந்தப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். கஞ்சிக்கு நிற்கும் வரிசையைப் பெரிய படமாக எடுத்து, வர்ணம் தீட்டி, சேலம் கண்காட்சியில் உண்டியலுக்கு மேலே மாட்டுவது. பார்க்கிறவர்கள் மனம் இரங்கினால்தான் இங்கே அடுப்பு எரியும்.

படம் எடுத்த அன்று சரவணமுத்துவும் போய் வரிசையில் நின்ற பெண்களிடம் இழை கேட்டு வாங்கினார். திரும்பும்போது அவருடைய ஐந்து விரலிலும் சிவப்பு. அரக்கு, குங்குமம், மாதுளை என்று எல்லாம் சிவப்பு வகைதான்.

கந்தப்பன் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "செவப்புச் சீலை கட்டிட்டு மினுக்கிட்டு நிக்கறவளுக்கு எவனப்பா காசு போடுவான்? எல்லாத்துக்கும் மண்ணு நெறமாப் போட்டுடு."

"போட்டுடறனுங்க" என்றுதான் சரவணமுத்து சொன்னார். எதிர்த்துப் பேசுகிற வீரமெல்லாம் அவரிடம் கிடையாது. மண் நிறத்தைக் குழைத்தும் வைத்துவிட்டார். ஆனால் ஒரு கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரே பட்டினி கிடக்க, அத்தனை பேரும் எப்படிச் சிவப்பு? மறுநாள் காலை வெண்ணந்தூருக்கு நடையைக் கட்டினார்.

படத்தில் வரிசையின் முதலில் நிற்பவர் அங்கம்மாள். அவரைத் தேடிப் பிடித்து, "ஏனுங்கம்மா, போட்டாப் புடிக்கறாங்கன்னு எல்லாரும் நல்ல சீலையாக் கட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

அங்கம்மாள் அன்றைக்கும் அதே சேலையில்தான் இருந்தார். "நல்ல சீலைங்களா? அட ஏஞ்சாமி, கட்டற சீலையெல்லாம் வித்துத் தின்னாச்சு. இது கூறைச் சீலை. கல்யாணத்துக்குக் கட்டினதை எவ விப்பா? இது ஒண்ணுதான் மிச்சம். தொவைச்சுப் போட்டா, காயற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே குந்தியிருக்கோணும்."

கேட்டதற்காகச் சரவணமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ராசிபுரம் வந்ததும் குழைத்து வைத்த மண் நிறத்தைத் துடைத்தெறிந்தார். விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு சேலைக்கும் அதனதன் சிவப்பைத் தீட்டினார்.

கந்தப்பனுக்கு வந்ததே கோபம்! "இது கஞ்சித்தொட்டியா, கல்யாண ஊர்வலமா?"

"கல்யாணச் சீலைதானுங்க. அதை உட்டா அவங்களுக்கு மாத்துச் சீலை கெடையாதுங்க. உண்டியல்கிட்ட நின்னு நீங்க அதைச் சொல்லுங்க."

"எவன் நின்னு கேப்பான்?" என்று முணுமுணுத்தபடி கந்தப்பன் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார்.

கண்காட்சி இன்னும் முடியவில்லை. உண்டியலில் என்ன விழுகிறது என்று ஒரு சேதியும் இல்லை. நேற்று ஆட்டையாம்பட்டியிலிருந்து மாம்பழ நிறச் சேலை கட்டிய புதுப்பெண் ஒருத்தி ஸ்டுடியோவுக்கு வந்து, கேட்பதற்கு முன்பே இழையை உருவி நீட்டினாள். சரவணமுத்துவின் இடது கை விரல்களில் படம் முடிந்தும் கத்தரிக்காத அந்தச் சிவப்பு நூல்கள் தண்ணீர் பட்டு நைந்துபோய் அப்படியே இருந்தன. இழையைச் சுற்றிக்கொள்ள அவர் தூரிகை பிடிக்கிற வலது கையை நீட்டினார்.