தலையாட்டி அக்கா

தகரம் அழுத்தும் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'தலையாட்டி அக்கா'. மேஸ்திரி எது சொன்னாலும் ஆட்டுவாள். அந்த இரைச்சலில் "என்ன?" என்று திருப்பிக் கேட்டால் வசவுதான் விழும்.

ஒருநாள் தகடு வைக்கும் கூட்டாளி "நிறுத்து!" என்று அலறினாள். இவள் காதில் ஏறவில்லை, மெஷினின் கால்மிதியை அழுத்திவிட்டாள். கூட்டாளியின் விரல் நசுங்கியது.

கம்பெனி டாக்டர் சத்தம் புகாத அறையில் வைத்துச் சோதித்தார். மெல்லிய ஒலிகூடக் கேட்டது. "காது பழுதில்லை" என்றார். அப்படியானால் கேட்டும் அலட்சியம். வேலையை விட்டு நீக்கலாம். நிர்வாகத்தின் கணக்கு அவ்வளவு சுலபம்.

உட்காதின் செல்லிலிருந்து நரம்பு நுனிக்குச் செய்தி கொண்டுபோவது குளூட்டமேட் என்ற ரசாயனம். ஓயாத இரைச்சலில் அது அளவுமீறிக் கொட்டுகிறது. நுனிகள் வீங்கி அறுந்துபோகின்றன. மிஞ்சிய நரம்புகள் அமைதியான அறைக்குப் போதும். பட்டறைச் சத்தத்தில் ஒரு மனிதக்குரலைப் பிரித்தெடுக்கப் போதாது. காதடைப்பான் கேட்டவர்களிடம் "பஞ்சு வெச்சுக்கோ" என்ற நிர்வாகம் இதையெல்லாம் ஏன் படிக்கப்போகிறது?

விசாரணை பட்டறையை ஒட்டிய அறையில் நடந்தது. கதவு திறந்திருந்தது, மெஷின்கள் ஓடின.

"கேட்டும் அலட்சியமா இருந்துட்டே. அப்படித்தானே?" என்றார் மேனேஜர்.

அவள் தலையாட்டினாள்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். தொழிலாளர் சார்பில் வந்திருந்த அவள் தங்கை புருஷன் துள்ளி எழுந்தான்.

"சார், அவங்க எதுக்கும் ஆட்டுவாங்க சார்!"

"அவளே ஒத்துக்கிட்டா. உனக்கென்னப்பா வக்காலத்து?"

அவன் கதவோரம் நின்ற மேஸ்திரி பக்கம் திரும்பினான். ஆயுசெல்லாம் அதே பட்டறையில் நின்ற மனுஷன். குரலை உயர்த்தாமல் கேட்டான்: "அண்ணே, நாளைக்கு உங்களையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

மேஸ்திரி சிரித்த முகத்தோடு தலையாட்டினார்.

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"இல்ல சார்!" என்றாள் அவள். "கேட்டிருந்தா காலை எடுத்திருக்க மாட்டேனா? அவ என் கூட்டாளி சார். கதவைத் திறந்து கேளுங்க, மறுபடியும் ஆட்டுவேன்."

மேனேஜர் பேனாவை மூடினார். "மெஷின் சத்தத்துல வெச்சுக் காதை மறுபடி பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் வேலைக்கு வரட்டும்."

அமைதியான அந்த அறையில் மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என்கிட்ட என்னமோ கேட்டியே, என்ன அது?"