பர்வீன் வீட்டுக்குப் போர்டு வந்த கதை

பர்வீனின் கட்டிலுக்கு அடியில் ஒரு கடை இருந்தது. நைட்டி, பாவாடை, பெண்களுக்கான உள்ளாடைகள் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும். சேலம் வண்டி ஏறி, அங்கிருந்து ஈரோடு வரை போய் அவளே மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். கணவன் முகம்மது ரியாஸ் குவைத்தில் வண்டி ஓட்டினான். அவனிடமிருந்து பணம் வருகிற மாதமும் உண்டு, போன் மட்டும் வருகிற மாதமும் உண்டு. மகள் தாஜ் நிஷாவின் காலேஜ் படிப்பு அந்தப் பெட்டிகளை நம்பித்தான் ஓடியது.

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தாள். கடைவீதியில் துணி எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்களிடம் அளவு சொல்லக் கூசி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்த பெண்கள், பர்வீனிடம் கட்டிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்து வாங்கினார்கள். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்தவர்கள் புடவையில் வெள்ளை மண்ணோடு கொல்லைப் பக்கமாக நேரே வருவார்கள். வீட்டில் கேட்டால் "பர்வீன் வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. விடிந்தது முதல் வந்துகொண்டே இருப்பார்கள். பர்வீனுக்கு முதுகைச் சாய்க்க நேரமிருக்காது.

மாடியில் இருந்த வீட்டுக்காரர் தங்கராசு, பீங்கான் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் டீக்கடையில் எவனோ அவரைச் சீண்டிவிட்டான்.

"என்னாண்ணே, ஒங்க வூட்டுக் கொல்லைல எந்நேரமும் பொம்பளைங்க கூட்டமா இருக்குது? கட்சி ஆபீஸு எதுனா தெறந்துட்டீங்களா?"

தங்கராசு டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக வந்து பர்வீன் வாசலில் நின்றார்.

"ஏம்மா, நான் வூட்டுக்குக் குடுத்தனா, கடைக்குக் குடுத்தனா?"

"வூட்டுக்குத்தாண்ணே."

"அப்ப உள்ள என்னா நடக்குது?"

"துணி விக்கிறேண்ணே. இதையும் வுட்டுட்டா பொண்ணு படிப்பு நின்னுபூடும்."

அவர் விறுவிறுவென்று மாடி ஏறினார். காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயந்து பர்வீன் வேறு வீடு தேடி அலைந்தாள். புருஷன் ஊரில் இல்லை என்றதும் ஒருவரும் சாவியை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கராசு மறுபடி இறங்கி வந்தார். "கடை வையி, நான் வேணாங்கல. ஆனா ஒளிச்சு மறைச்சு வேணாம். கொல்லக் கதவ மூடிட்டு முன் ரூமுல வையி, போர்டு மாட்டு. அப்புறம் எவன் பேசறான்னு பாக்கறேன்."

பர்வீனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவரே ஆட்டோவில் போர்டைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டினார். 'பர்வீன் ஸ்டோர். பெண்களுக்கான சகலவித உள்ளாடைகளும் கிடைக்கும். காலை பத்து முதல் மாலை ஆறு வரை.' ஓரத்தில் பெரிய ரோஜாப்பூ.

அதற்குப் பிறகு ஒருத்தியும் வரவில்லை. தெரிந்த பெண்கள்கூட எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். ஆளில்லாத முன் அறையில் பர்வீன் பல வருடங்களுக்குப் பிறகு மத்தியானம் தூங்கினாள். விழித்ததும் பயம் வந்தது. காலேஜில் பீஸ் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

வழக்கமாக வாங்குகிற அன்பரசியை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டாள்.

"எப்பிடிக்கா வரது? ஒங்க கேட்டுக்கு எதுத்தாப்புல எங்க சித்தப்பா சைக்கிள் கடை. போர்டையும் படிப்பாரு, என்னையும் பாப்பாரு."

பர்வீன் அன்றே மாடி ஏறினாள். "அண்ணே, போர்ட எடுத்துடலாமா?"

"ஏன், எழுத்து நல்லால்லையா?"

"நல்லாத்தாண்ணே இருக்குது."

"அப்புறம் என்னா?"

இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

"நாலு பேருக்குத் தெரிய நாயமா செய்யின்னா ஒனக்குக் கசக்குதா? போர்டு இல்லன்னா கடையும் இல்ல, பாத்துக்க."

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி மாரியம்மாள் எழுந்து வந்தாள். "ஏங்க, நீங்க அந்த கேட்ட தெறந்துக்கினு போயி எனக்கு ரெண்டு பாடி வாங்கியாங்களேன், பாப்பம்."

"சீ! என்னாடி பேச்சு இது?"

"கூசுதுல்ல? நானே கொல்லப் பக்கமாத்தான் போயி வாங்கிக்கினு இருந்தேன். இப்ப எனக்கே அங்க போவ முடியல."

தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டீக்கடைல கேட்டா என்னான்னுடி சொல்றது?"

"வூடுன்னு சொல்லுங்க. வூடுன்னா நாலு பேரு வரப் போவத்தான் இருப்பாங்க."

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

போர்டு இறங்கிய செய்தி எப்படித்தான் பரவியதோ, சாயங்காலமே கொல்லையில் ஆள் வந்துவிட்டது. பர்வீன் முன் அறையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போனது.

"மெதுவா எடுத்தாங்கக்கா, அவசரமில்ல" என்றாள் அன்பரசி. ஆனால் யாரும் நாளைக்கு வருகிறோம் என்று கிளம்பவில்லை.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிற கடை இனி தனக்குக் கிடையாது என்று பர்வீனுக்குத் தெரிந்தது. கையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னா சைஸு?"