சின்னசாமியின் இரும்பு மாடு

ஓடுகிற வண்டியைப் பழுது பார்க்கிறவன் மெக்கானிக். ஓடாத இரண்டு வண்டிகளைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்று செய்கிறவனுக்கு வாடிக்கைக்காரர்கள் வைக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து மிலிட்டரி சாமான்கள் ஏலத்துக்கு வந்த காலத்தில், ஒக்கலிபுரத்தில் பட்டறை போட்டு அந்தப் பெயர்களையெல்லாம் நான் சம்பாதித்தேன். உங்களிலும் இப்படி அடிபட்டவர்கள் இருப்பீர்கள், உங்களுக்குத்தான் இது.

மாட்டை விற்றவர்

நீலசந்திராவில் ஏரியை ஒட்டிக் கீரையும் கோசும் போட்டுவந்தவர் சின்னசாமி. பழைய கார் இஞ்சினையும் லாரியின் பின்சக்கர அச்சான ஆக்ஸிலையும் சேர்த்துச் சின்ன டிராக்டர் செய்து தருகிறேன் என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவரிடம் சொல்லிவிட்டேன். மறுவாரமே தன் உழவுமாடு இரண்டையும் விற்றுவிட்டு வந்து நின்றார். மழைக்குள் உழவு முடியாவிட்டால் நிலத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். "மாடு போயிடுச்சு மேஸ்திரி. இனிமே நீதான் எனக்கு மாடு," என்றார்.

மூன்று ரிவர்ஸ்

உயரம் சரியாக வரவில்லை என்று ஆக்ஸிலைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினேன். சுலபமாகப் பொருந்தியது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் கியர் போட்டதும் வண்டி பின்னால் போய்ப் பட்டறைத் தட்டியைச் சாய்த்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று; ஆக்ஸில் தலைகீழானதால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. முன்னால் போக ரிவர்ஸ் ஒன்றுதான் வழி. சின்னசாமி யோசித்துவிட்டுச் சொன்னார்: "பரவால்ல மேஸ்திரி, கலப்பைய முன்னாடி கட்டிக்கலாம்."

மட்கார்டு சபை

ஆக்ஸிலை நேராக்கி நிலத்தில் இறக்கினோம். ஏரிக்கரை ஈரத்தில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று குழி பறித்தது; மற்றது அசையவில்லை. டயரில் சங்கிலி சுற்றிப் பார்த்தேன். பிறகு பாரம் போதவில்லையென்று வேடிக்கை பார்க்க வந்தவர்களை மட்கார்டில் ஏற்றினேன். பக்கத்துத் தோட்டத்துக் கன்னடக்கார கௌடரும் ஏறினார். வண்டி நகரவில்லை, ஊர்ப்பேச்சு மட்டும் நன்றாக நடந்தது. சின்னசாமி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கௌடர் இறங்கும்போது, "வண்டி சென்னாகிதே, நல்லாருக்கு மேஸ்திரி, உக்காறத்துக்கு," என்றார்.

இரண்டு கயிறு

அடுத்துச் செய்ததுதான் என் மகா புத்திசாலித்தனம். ஆக்ஸிலுக்குள் இருந்த பல்சக்கரங்களை ஒன்றாக வெல்டிங் வைத்து, இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி செய்தேன். வண்டி சேற்றில் நேராகப் போயிற்று. நேராக மட்டுமே போயிற்று. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேளாமல், வரப்பைத் தாண்டி கௌடரின் பாத்தியில் போய் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னசாமி கோபிக்கவில்லை. "ஏர்ல ரெண்டு மாட்டுக்கும் தனித்தனி கயிறு மேஸ்திரி. நீ ரெண்டையும் ஒண்ணா கட்டிப்புட்டியே," என்றார். பட்டறைக்குத் திரும்பும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது. வேறு பல்சக்கரம் போட்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு கை பிரேக் வைத்தேன். வீணாய்ச் சுழலும் சக்கரத்தைப் பிடித்தால் இழுவை மற்றதற்குப் போகும். எந்தப் பக்கம் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும்.

நான் விளக்குவதற்குள் சின்னசாமி இரண்டு லீவரையும் கயிறுபோல் பிடித்து ஓட்டத் தொடங்கிவிட்டார். கடைசி உழவுச் சாலில் தூறல் விழுந்தது. இறங்கி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் மாடு ரெண்டும் இப்படித்தான் மேஸ்திரி. ஒண்ணு ஓடும், ஒண்ணு நிக்கும். அதனாலதான் வித்தேன்."

ஆறு வாரம் பாடுபட்டு, அவர் வேண்டாமென்று விற்ற மாட்டையே நான் இரும்பில் செய்து கொடுத்திருக்கிறேன்.