மிளகுக் கொடியடியில் என் பிரெஞ்சு

போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தார்கள். கண்டிக்கு வடக்கே பலாபத்வலையில் ஒரு ஸ்பைஸ் கார்டனில், வருகிறவர்களுக்கு ஏலமும் கறுவாப்பட்டையும் காட்டி ஆங்கிலத்தில் விளக்குவது என் வேலை. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"ரெண்டு மாசத்துல பிரெஞ்சுக்கார கோஷ்டி ஒன்னு வருது. ஒங்களுக்கு பிரெஞ்சு ஏலுமா? இல்லாட்டி கண்டியில ஒருத்தர் இருக்கார், இங்கிலீசும் பிரெஞ்சும் பேசுவார். ரெண்டு பேரை வச்சிக்க எனக்கு ஏலாது."

"ஏலும் முதலாளி," என்றேன். வயது நாற்பத்தாறு. தெரிந்த பிரெஞ்சு, வணக்கமும் நன்றியும்.

மனைவியின் தம்பி பாரிசில் எட்டு வருஷமாக ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். போனில் அழாக்குறையாகச் சொன்னேன். ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கேசட் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். பின்னணியில் பாத்திரங்கள் உருள, அவன் குரல்: "மச்சான், மிளகுக்குக் கடைசியில ஒரு 'ர' வரும். நம்ம 'ர' இல்லை. காறித் துப்பப் போற மாதிரி இழுக்கணும். ஆனா துப்பிடாதீங்க!"

இழுத்தேன். காலையில் குழாயடியில் இழுத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து கத்தினாள்: "என்னங்க, மீன் முள்ளா? சோத்தை உருட்டி முழுங்குங்க!" வேலைக்குப் போகும் யட்டவத்த பஸ்ஸில் கேசட்டை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே வருவேன், பக்கத்து ஆசனம் காலியாகவே வரும். கண்டக்டர் சிங்களத்தில், "வாந்தி வருதுன்னா ஜன்னல் பக்கம் மாறுங்க ஐயா," என்றார். பாஷை கற்றுக்கொள்கிறவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் என் 'ர'வும் மச்சானின் 'ர'வும் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டன. மனைவியே கேட்டு, "அச்சு அசல் தம்பி பேசுற மாதிரியே இருக்குங்க," என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கோஷ்டி வந்தது. பதினான்கு பேர். முதலாளி கடை வாசலில் கைகட்டி நின்றார். மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டேன். இழுக்க வேண்டிய இடமெல்லாம் இழுத்தேன். பதற்றத்தில் இழுக்க வேண்டாத இடத்திலும் இழுத்தேன். முன்வரிசை ஓரடி பின்னால் போனது. ஒரு வயதான அம்மா கைப்பையைத் திறந்து, மிகுந்த கரிசனத்தோடு, தொண்டை மிட்டாய் ஒன்றை நீட்டினார்.

ஒரு மனிதர் ஆங்கிலத்தில் கேட்டார், எங்கே படித்தீர்கள் என்று.

"பாரிசில் இருக்கும் சொந்தக்காரரிடம்," என்றேன் பெருமையாக.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பதினான்கு பேரும் என்னைச் சுற்றி நின்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். மெதுவாக, மூச்சுப் போல, உரசாமல். நான் சொன்னேன். இல்லை, இல்லை. மறுபடி சொன்னேன். கை தட்டினார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். தொண்டை எரிந்தது. அரை மணி நேரம் போய், அவர்கள் கறுவா பார்க்கும் முன்பே பஸ் ஹோர்ன் அடித்தது.

முதலாளி பக்கத்தில் வந்தார். "அவங்க பார்க்க வந்தாங்களா, படிப்பிக்க வந்தாங்களா? கண்டிக்காரர் திங்கக்கிழமை வாறார்."

அன்று மாலை பாரிசிலிருந்து மச்சான் போன் எடுத்தான். அவனைக் கிழித்துத் தொங்கவிடுவதற்கு வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"எப்படி மச்சான், நம்ம பிரெஞ்சு? வெள்ளைக்காரன் அசந்துட்டானா?"

எனக்கு அரை மணி நேரத்துக்குப் பதினான்கு பேர் கிடைத்தார்கள். இவனை எட்டு வருஷத்தில் ஒருவர்கூட நிறுத்தித் திருத்தவில்லை. பேசினால்தானே திருத்த? யார் கோப்பைக்காரனிடம் பேசுகிறார்கள்?

"கூடி நின்னு கேட்டாங்க மச்சான்," என்றேன். அந்த அம்மா தந்த மிட்டாயை அப்போதுதான் வாயில் போட்டிருந்தேன்.

"பார்த்தீங்களா!" என்றான்.

ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து என்ன செய்வது என்று யோசிக்க உட்கார்ந்தேன்.