வாளிச் சேற்றில் பிரித்த மட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் ஒருநாள் எங்கள் அடுப்பைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்கள் ஊர் வங்காலைக்குத் திரும்பிய புதிதில் எங்களிடம் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. கடல் வற்றிய நேரம் பெண்கள் இறங்கிச் சேற்றைத் துழாவிச் சின்ன மட்டிச் சிப்பி எடுப்போம். பிள்ளைகளுக்குக் கறி அதுதான். அப்போதுதான் மீன்பிடிக் கந்தோர் அதிகாரி ஒருவர் வந்து, நாங்கள் எடுப்பது பெரிய மட்டியின் குஞ்சுகள் என்றும், இனி எடுக்கக் கூடாதென்று மேலிடத்துக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குஞ்சோ? சேர், இது வேற சாதி. வளர்ந்தாலும் இவ்வளவுதான். பிளந்து பாருங்கோ, சினை இருக்கும். குஞ்சுக்குச் சினை வருமே?"

"அப்ப எது குஞ்சு, எது சின்ன மட்டி எண்டு காட்டுங்கோ அக்கா."

எங்கள் கூடை மட்டியைக் கழுவி, மேசையில் பரப்பி, எண் போட்டு, தொடாமல் சொல்லச் சொன்னார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி மூன்றைச் சின்ன மட்டி என்று காட்டினேன். பிளந்தார். ஒன்றிலும் சினை இல்லை. கூட வந்த பெண்களின் முகம் விழுந்துவிட்டது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பிறகுதான் புத்தியில் பட்டது. என் வாழ்நாளில் மட்டியை நான் கண்ணால் தேடியதே இல்லை! அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் எதைப் பார்ப்பது?

"சேர், எல்லாத்தையும் ஒரு வாளி சேத்துக்குள்ள போடுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே போட்டார். கண்ணை மூடிக் கையை விட்டேன். குஞ்சு என்றால் ஓடு மெல்லிசு, ஓரம் விரலை வெட்டும். சின்ன மட்டியின் ஓடு தடிப்பு, அளவுக்கு மீறிப் பாரம். வலப்பக்கம் சின்ன மட்டி, இடப்பக்கம் குஞ்சு என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தேன்.

ஒவ்வொன்றாகப் பிளந்தார். வலப்பக்கக் குவியலில் ஒன்று தவறாமல் சினை; இடப்பக்கத்தில் ஒன்றிலும் இல்லை. பூதக்கண்ணாடியால் ஓட்டின் உட்புறத்தைப் பார்த்து, மேலோடும் கீழோடும் பொருந்துகிற இடமே இரண்டு சாதிக்கும் வேறு மாதிரி என்றார்.

"இனி இப்பிடிக் குஞ்சு கையில வந்தா என்ன செய்வீங்கள்?"

"திருப்பிச் சேத்துக்குள்ள விடுவம். கூடையில ஒண்டு ரெண்டு தப்பி வாறதுதான், அதுக்காக மறிக்கிறதே?"

எடுக்கக் கூடாதென்று தாளில் எழுதி வைத்திருந்ததை வெட்டினார். தாளின் அடியில், அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் எழுத என் பெயரைக் கேட்டார். முகாம் வாசலில் எத்தனை தரம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவள் நான்!

"பெரிசா எழுதுங்கோ சேர்," என்றேன்.

அடுத்த நாள் கடல் வற்றியதும் எல்லோரும் மட்டிக்குப் போனோம். நான்தான் முன்னால் போனேன்.