துப்பு விசாரிக்கப் போனவள்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஆள் விட்டு விசாரிப்பார்கள். டீக்கடையிலோ குழாயடியிலோ ஒன்றும் தெரியாதவர் போல நின்று அந்தக் குடும்பத்தின் வண்டவாளத்தை எல்லாம் கறந்துகொண்டு வந்துவிட வேண்டும். உளவுத்துறைக்காரன் தோற்றுப்போவான். தங்கை மகளுக்கு அகரத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது தங்கை என்னைத்தான் கிளப்பிவிட்டாள். கல்யாணம் ஆகாதவள், ரிட்டயரான டீச்சர். வீட்டில் வெட்டியாக இருக்கிறவள் நான் ஒருத்திதானே.

ஊர்ப் பெயரைக் கேட்டதுமே முடியாது என்று சொல்லப் பார்த்தேன். காலேஜ் முடித்த வருஷம் என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னவர் அந்த ஊர்க்காரர்தான். தன் அப்பாவிடம் சொல்லிவிட்டதாகவும், விசாரித்துவிட்டுப் பெண் கேட்டு வருவார்கள் என்றும் சொன்னார். யாரும் வரவில்லை. அவரும் அதற்குப் பிறகு என் கண்ணிலேயே படவில்லை. நானாகப் போய் அவர் வீட்டு வாசலில் நிற்பேனா? என் திமிர் விடவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் அவர் வீடாகவா இருக்கப் போகிறது என்று என்னையே அதட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மாப்பிள்ளை வீட்டு மல்லிகைத் தோட்டம் ரோட்டோரமாகவே இருந்தது. பூ வாங்க வந்ததாகச் சொன்னேன். பூ எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. அண்ணன் தம்பிகள் பங்காளிச் சண்டை இல்லாமல் இருப்பது, பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதது எல்லாவற்றையும் நான் கேட்காமலே கொட்டினாள். அவள் வீட்டுக்காரர் பையனுக்குச் சித்தப்பாவாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றார்.

தலை நரைத்திருந்தது. அதே ஆள்தான்.

"டவுன்ல இருந்து பூ வாங்க வந்திருக்காங்க" என்றாள் அவள். காபி போட்டுக்கொண்டு வரச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நீ பூ வாங்க வரல. போன வாரம் நானும் இதுக்குத்தான் உங்க தெருவுக்கு வந்தேன். பொண்ணுக்குப் பெரியம்மா நீதான்னு அங்கன வந்துதான் தெரிஞ்சுச்சு."

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர், டீச்சர் ஒரு நாள்கூட உடம்புக்கு முடியாமல் படுத்ததில்லை என்று சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து தனக்குத் தூக்கமில்லை என்றார். எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அந்தக் காலத்தில் அவர் அப்பா எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். குழாயடியில் நின்ற ஒரு அம்மாள், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வலிப்பு வரும், வேறு இடம் பாருங்கள் என்று கண்ணீர் விட்டிருக்கிறாள்.

"யாரு அது?"

"பேரு தெரியல. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்களாம்."

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள் என் அம்மா ஒருத்திதான். அந்த மாதம் அப்பா என்னைப் பழனிப் பக்கம் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க ஒற்றைக்காலில் நின்றார். விசாரித்தவனை அந்தப் பழனி வீட்டு ஆள் என்று நினைத்து, பெண்ணைக் காப்பாற்றுவதாக எண்ணி அம்மா துரத்திவிட்டிருக்கிறாள். அந்தச் சம்பந்தமும் எதனாலோ அதே சமயத்தில் நின்றுபோனது. கடைசிவரை, பழனிக்காரனைப் பொய் சொல்லித் துரத்தியதாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுத்தான் செத்தாள். அவளை நான் எப்படித் திட்டுவேன்?

என் ஆத்திரம் எல்லாம் இவர் மேல் திரும்பியது. "ஊருல எவளோ சொன்னா நம்பிருவீங்களா? எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க ஏலாதா?"

"ஆமான்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதற்குள் அவள் காபியோடு வந்துவிட்டாள்.

காபி நன்றாக இருந்தது, பாழாய்ப் போனது. கிளம்பும்போது என் பையில் மேற்கொண்டு இரண்டு கை பூவை அள்ளிப் போட்டாள். தோட்டத்துப் பூ, தலை நிறைய வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

பஸ்ஸில் வரும்போது புத்தி கண்டபடி போனது. குடும்பம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணப் பந்தலில் அவரையும் அவர் பெண்டாட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்காது, தீபாவளிக்குத் தீபாவளி சம்பந்தி என்று கும்பிட வேண்டியிருக்காது.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் மகள் கதவுக்குப் பின்னால் இருந்தது தாவணி நுனியில் தெரிந்தது. நல்ல குடும்பம், தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"சித்தப்பா ஒருத்தரு இருக்காராமே, அவரு எப்படி?" என்றாள் தங்கை.

"நல்ல மனுசன்தான். ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ளையப் பத்தி எந்தக் குறை காதுல விழுந்தாலும் இவள அவருகிட்டயே நேரா போய்க் கேட்டுரச் சொல்லு. பயந்துக்கிட்டு வீட்டுல இருந்துரக் கூடாது."